வெண்கல முகம்: ஒரு பழுப்புத் தூளின் வரலாறும் மூன்று விலைகளும்



பள்ளிக் கலைவிழா நெருங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிழற்படம் நினைவுக்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குக் கண்ணகி வேடம் கொடுத்திருந்தேன். குரல் கணீரென்று ஒலிக்கும் பிள்ளை. பாண்டியன் அவையில் நின்று வழக்குரைக்கும் காட்சியை ஒத்திகையில் அவள் நடித்தபோது, பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் சன்னலருகே வந்து நின்று கேட்டார்கள். அவள் நல்ல கறுப்பு. மேடை விளக்கில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று எண்ணி, எங்கள் ஒப்பனைப் பெட்டியில் இருந்த ஒரே முகத்தூளை நானே அவளுக்குப் பூசிவிட்டேன். அது அவளுடைய நிறத்தைவிட நான்கைந்து படி வெளுத்த தூள்.

மறுவாரம் அறிவிப்புப் பலகையில் நிழற்படங்களை ஒட்டினோம். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "டீச்சர், இது யாரு? கழுத்து என்னோடது. முகம் மட்டும் சாம்பல் பூசுன மாதிரி வேற யாரோடதோ இருக்கு."

நான் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பினேன். அடுத்த ஆண்டு நாடகத்திற்கு அழைத்தபோது, "வேண்டாம் டீச்சர், எனக்கு மேக்கப் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டாள். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டாள். அந்தக் குரலை எங்கள் மேடை அதன்பின் கேட்கவே இல்லை.

அந்தச் சாம்பல் முகத்திற்கு என்ன காரணம் என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை. தேடல் என்னைப் 'புரோன்சர்' என்று அழைக்கப்படும் ஒரு பழுப்புத் தூளிடம் கொண்டு சேர்த்தது. கைக்கண்ணாடியும் தூரிகையும் சேர்ந்த சிறிய பெட்டிதான். ஆனால் அதனுள் நிறத்தின் வரலாறும், வர்க்கத்தின் வரலாறும், வணிகத்தின் வரலாறும் அடங்கியிருக்கின்றன.

புரோன்சர் என்பது என்ன?

வெண்கலத்தின் நிறத்தை முகத்திற்குத் தரும் தூள் என்பதால் அதற்கு அப்பெயர். வெயிலில் சற்று நேரம் உலாவி வந்தவரின் முகத்தில் தெரியும் இளஞ்சூடான பழுப்பை அது காட்டும். நெற்றியின் ஓரம், கன்ன எலும்பின் மேற்புறம், மூக்குத்தண்டு, தாடை ஓரம் ஆகிய வெயில் படும் இடங்களில் மெல்லப் பூசுவர். இதில் இரு வகை உண்டு. ஒன்று மினுமினுக்கும், மற்றொன்று மினுமினுக்காது. பின்னதை 'மேட்' வகை என்பர். மேடைக்கும் நிழற்படத்திற்கும் பின்னதே ஏற்றது. மினுக்கும் தூள் விளக்கொளியைத் திருப்பியடித்து, முகத்தை வியர்த்ததுபோல் காட்டிவிடும்.

'கறுத்த பிள்ளைக்குக் கறுக்கச் செய்யும் தூள் எதற்கு?' என்று கேட்கலாம். நானும் அவ்வாறே கேட்டேன். ஒரே நிறப் பூச்சை முகம் முழுதும் பூசினால், எந்த நிறத்தவர் முகமும் சுவர்போல் தட்டையாகிவிடுகிறது. மேடை விளக்கு அதை இன்னும் தட்டையாக்கும். முகத்தின் மேடு பள்ளத்தையும் உயிர்ப்பையும் மீட்டுத் தருவதே இத்தூளின் வேலை. கறுக்கச் செய்வது அதன் நோக்கமன்று. பூச்சு அழித்துவிட்ட இயல்பைத் திருப்பித் தருவதே நோக்கம்.

மாமையும் பசலையும்

மேல்நாட்டு வரலாற்றுக்குச் செல்லுமுன், தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகைக் குறிக்க 'மாமை' என்றொரு சொல் வரும். மாந்தளிர் போன்ற, ஒளி பொருந்திய கருமை கலந்த நிறம் அது. தலைவன் பிரிந்தால் அந்த மாமை கெட்டு மேனியில் 'பசலை' படரும். நிறம் வெளிறிப் போவது அங்கே நோயின் அடையாளம், துயரத்தின் அடையாளம். திருக்குறளின் 119-ஆவது அதிகாரமே 'பசப்புறு பருவரல்' என்று அந்த வெளிறலைப் பற்றிப் பேசுகிறது. இதை வகுப்பில் நடத்தும் நாமே, கலைவிழா நாளில் பிள்ளைகளின் மாமையை மறைத்துப் பசலையைப் பூசிவிடுகிறோம்!

மேடை ஒப்பனைக்குத் தமிழில் 'அரிதாரம்' என்று பெயர். அது உண்மையில் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த ஒரு மஞ்சள் நிறக் கனிமத்தின் பெயர். கதகளிக் கலைஞர்கள் 'மனயோலை' என்று கூறுவதும் அதனையே. கூத்து மேடையில் பூசப்பட்ட அக்கனிமத்தின் பெயர், காலப்போக்கில் மேடை ஒப்பனை முழுமைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அழகுக்காக நஞ்சையும் முகத்தில் ஏற்றிய வரலாறு நமக்கும் உண்டு என்பதற்கு அச்சொல்லே சான்று.

வெள்ளை முகத்தின் விலை

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வெளுப்பே உயர்வின் அடையாளம். வயலில் உழைப்பவர் கறுத்தார். மாளிகையில் இருப்பவர் வெளுத்திருந்தார். ஆகவே வெளுத்த முகம் என்றால் உழைக்கத் தேவையில்லாத முகம் என்று பொருள். அந்த வெளுப்பை இன்னும் கூட்ட, ஈயத்திலிருந்து செய்த வெண்பூச்சைப் பயன்படுத்தினர். 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் அரசியாரும் இத்தகைய பூச்சைப் பயன்படுத்தியதாகக் கூறப்படுவதுண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பேரழகி எனப் புகழ்பெற்ற மரியா கன்னிங் என்ற கோவென்ட்ரி சீமாட்டி, 1760-இல் முப்பது வயதைத் தொடுமுன்பே மாண்டார். அவர் விடாது பூசிய ஈய வெள்ளையே அவரது உயிரைக் குடித்தது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது.

அப்படிப்பட்ட சமுதாயம், வெயிலில் கறுத்த முகத்தை விலை கொடுத்து வாங்கும் நிலைக்கு எப்படி வந்தது?

வெயில் மருந்தான காலம்

முதற்காரணம் மருத்துவம். தோலில் வரும் காசநோயை ஒளிக்கதிரால் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில் ஒகுஸ்த் ரோலியே என்ற மருத்துவர், காசநோயாளிகளை வெயிலில் படுக்க வைத்துச் சிகிச்சை தரும் மருத்துவமனையைத் தொடங்கினார். 1919-இல் பெர்லின் நகரில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு வளையும் ரிக்கெட்சு நோய் கண்ட குழந்தைகளைப் புற ஊதா விளக்கொளியால் குணமாக்கிக் காட்டினார். வெயில் என்பது நோய் தீர்க்கும் பொருளாக மதிக்கப்படலாயிற்று.

இரண்டாவது காரணம் தொழிற்புரட்சி. ஏழைகள் வயலைவிட்டு ஆலைக்கும் சுரங்கத்திற்கும் சென்றனர். இப்போது வெளுத்த முகம் ஏழையின் முகம் ஆயிற்று. கடற்கரைக்குச் சென்று ஓய்வெடுக்கப் பணமும் நேரமும் உள்ளவரே வெயிலில் கறுக்க முடிந்தது. உயர்வின் அடையாளம் தலைகீழாகப் புரண்டது.

மூன்றாவது காரணம் நாகரிகம். 1923-இல் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் பிரான்சின் தெற்குக் கடற்கரைக்கு உல்லாசப் படகில் சென்று, வெயிலில் கறுத்து வந்திறங்கினார் என்றும், அன்றுமுதல் பெண்கள் அந்நிறத்திற்கு ஆசைப்பட்டனர் என்றும் ஒரு கதை உண்டு. ஒருவரால் உலகம் மாறிவிடவில்லை. மருத்துவரும் ஆலைகளும் முன்பே வழி திறந்து வைத்திருந்தனர். ஷனேல் அவ்வழியில் நடந்து காட்டினார் என்பதே பொருந்தும். 1927-இல் ழான் பட்டூ என்ற மற்றொரு வடிவமைப்பாளர் வெயிலில் கறுக்க உதவும் எண்ணெய் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வெயில் விற்பனைப் பொருளானது.

இவ்விடத்தில் சற்று நிற்போம். அதே 1920-களில் நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களில் என்ன செய்துகொண்டிருந்தனர்? விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, வெயில் ஏறியபின் வாளி சுமந்து நடந்தனர். வெயில் அவர்களையும் கறுக்கச் செய்தது. பிரெஞ்சுக் கடற்கரையில் செல்வத்தின் சின்னமான அதே வெயில் நிறம், தோட்டத்து லயத்தில் கூலியின் சின்னமாகவே இருந்தது. என் பாட்டி கடைசிவரை தம் கைகளைப் பார்த்து, "தோட்டத்து வெயில் குடிச்ச கை" என்றுதான் சொல்வார். நிறத்திற்குத் தனியாக ஒரு மதிப்பும் இல்லை. அந்நிறம் யார் மேல் இருக்கிறது என்பதைப் பொறுத்தே உலகம் மதிப்புப் போடுகிறது. இதை உணர்ந்த நாளில் என் மனத்திலிருந்த பெரிய முடிச்சு ஒன்று அவிழ்ந்தது.

காலுறை இல்லாத கால்களும் கறை படிந்த கைகளும்

இரண்டாம் உலகப்போர் இவ்வரலாற்றில் ஒரு வேடிக்கையான அத்தியாயம். பட்டு வரத்து நின்றது. நைலான் முழுவதும் வான்குடைக்குப் போயிற்று. காலுறை கிடைக்காத அமெரிக்க, ஆங்கிலேயப் பெண்கள் கால்களில் பழுப்புப் பூச்சைப் பூசி, பின்புறம் புருவப் பென்சிலால் தையல்கோடு வரைந்துகொண்டனர். பூச்சு வாங்க வழியில்லாதவர்கள், இறைச்சிக் குழம்புக்கு நிறமூட்டும் பழுப்புப் பொருளையே கரைத்துப் பூசியதும் உண்டு. பழுப்பைப் பூசிக்கொள்ளலாம் என்ற பழக்கம் எளிய வீடுகளுக்கும் இவ்வாறு சென்று சேர்ந்தது.

1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், நோயுற்ற குழந்தைகளுக்கு 'டைஹைட்ராக்சி அசிட்டோன்' என்ற சர்க்கரைப் பொருளை மருந்தாகக் கொடுத்து ஆராய்ந்தார். சிந்திய மருந்து பட்ட தோல் சில மணி நேரத்தில் பழுப்பானதைக் கவனித்தார். வெயிலின்றியே கறுக்கச் செய்யும் பூச்சுகள் பிறந்தது அதிலிருந்துதான். ஆனால் அவை உடனே கழுவினால் போகாதவை. அக்காலத்தில் ஆரஞ்சு நிறமாகவும் திட்டுத்திட்டாகவும் படிந்தவை.

கழுவினால் போகும் தூளாக, இன்று நாம் காணும் வடிவில் புரோன்சரைப் புகழ்பெறச் செய்தது பிரான்சின் கெர்லேன் நிறுவனம். 1984-இல் அது 'டெராகோட்டா' என்ற பெயரில் பழுப்புத் தூளை வெளியிட்டது. டெராகோட்டா என்றால் சுட்ட மண் என்று பொருள். நம் ஊர் மண்பானையின் நிறம்! அளவுக்கு மீறிய வெயில் தோல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்ற எச்சரிக்கை பரவி வந்த காலம் அது. வெயிலில் படுக்காமலேயே அந்த நிறம் கிடைக்கும் என்றதும் தூள் நிலைபெற்றது. பின்னர் 2009-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, தோலைக் கறுக்கச் செய்யும் விளக்குப் படுக்கைகளை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. பூசிக் கழுவும் தூளே மேல் என்ற எண்ணம் அதன்பின் மேலும் வலுப்பட்டது.

பழுப்பு மக்களுக்கு யார் தூள் செய்தார்கள்?

மேற்சொன்ன வரலாறு முழுவதும் வெள்ளைத் தோலைப் பழுப்பாக்கும் வரலாறு. பிறக்கும்போதே பழுப்பாக இருந்தவர்களுக்கு?

1898-இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் அந்தோணி ஓவர்டன் என்ற கறுப்பினத் தொழில்முனைவர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அடிமைத்தளையில் பிறந்து, சட்டம் படித்து, வணிகத்தில் இறங்கியவர் அவர். பழுப்பு நிறப் பெண்களின் தோலுக்கேற்ற முகத்தூளை 'ஹை பிரவுன்' என்ற பெயரில் விற்றுப் பெருவெற்றி கண்டார். கடைகளில் கிடைத்த வெள்ளைத் தூளைப் பூசிச் சாம்பல் முகத்துடன் நின்ற பெண்களின் குறையை அவர் கண்டறிந்தார். என் மாணவியின் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே விடை தேடியவர் அவர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

திரையுலகில் நிலைமை வேறு. போலந்திலிருந்து 1904-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய மேக்ஸ் ஃபேக்டர், ஹாலிவுட் ஒப்பனையின் தந்தை எனப் போற்றப்படுபவர். வண்ணத் திரைப்படத்திற்கென அவரது நிறுவனம் உருவாக்கிய 'பேன்கேக்' பூச்சு 1930-களின் இறுதியில் கடைகளுக்கும் வந்தது. 1942-இல் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் எம்.ஜி.எம். படநிறுவனத்தில் சேர்ந்தார். திரையில் அவர் வெள்ளையராகத் தோன்றிவிடுவார் என்று அஞ்சி, அவரை மேலும் கறுப்பாகக் காட்ட 'லைட் இஜிப்ஷியன்' என்ற பூச்சு பயன்படுத்தப்பட்டது. பிறகு அதே பூச்சை வெள்ளை நடிகையருக்குப் பூசி, கலப்பின வேடங்களை அவர்களுக்கே கொடுத்தனர் என்று லீனா ஹார்ன் பின்னாளில் கூறியிருக்கிறார். நிறம் மட்டும் வேண்டும். நிறத்துக்கு உரியவர் வேண்டாம்!

1958 முதல் 'எபனி' இதழின் சார்பில் ஊர் ஊராக ஆடையலங்காரக் காட்சி நடத்தியவர் யூனிஸ் ஜான்சன். அதில் பங்கேற்ற கறுப்பினப் பெண்கள் தம் நிறத்திற்கேற்ற பூச்சு கிடைக்காமல், இரண்டு மூன்றைத் தாமே கலந்து பூசிக்கொள்வதைக் கண்டார். பெரிய நிறுவனங்கள் அவரது யோசனையை ஏற்காததால், 1973-இல் 'ஃபேஷன் ஃபேர்' என்ற பெயரில் தம் நிறுவனமே ஒப்பனைப் பொருள்களை வெளியிடச் செய்தார். 2017-இல் பாடகி ரியானாவின் 'ஃபென்டி' 40 நிறங்களில் பூச்சு வெளியிட்டபோது, அடர்நிறங்கள் பல கடைகளில் உடனே விற்றுத் தீர்ந்தன. அதன்பின்னரே பிற நிறுவனங்கள் பலவும் அடர்நிற வரிசைகளை விரைந்து கூட்டின. பல்லாண்டுகள் ஒரே நிறத்தில் விற்றுவந்த புகழ்பெற்ற 'ஹூலா' மேட் புரோன்சரும் 2018 வாக்கில் அடர்நிறங்களைச் சேர்த்துக்கொண்டது.

நம் பக்கம் காற்று எதிர்த்திசையில் வீசியது. 1975-இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, 2020-இல்தான் தன் பெயரிலிருந்து வெண்மையை எடுத்துவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. வெள்ளையர் பழுப்பை வாங்கிய அரை நூற்றாண்டில், பழுப்பர்களாகிய நமக்கு வெளுப்பு விற்கப்பட்டது. இருவரிடமும் காசு வாங்கிய வணிகர்தாம் புத்திசாலிகள்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

பெட்டியின் பின்புறம் உள்ள பொருட்பட்டியலைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் இருப்பது டால்க் எனப்படும் மாக்கல் தூள். கனிமங்களிலேயே மிக மென்மையானது, வழவழப்பைத் தருவது. அடுத்து மைக்கா, நம் பாட்டிமார் 'காக்காப்பொன்' என்றது இதைத்தான். நிறத்தைத் தருவது இரும்பு ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மூன்று வண்ணங்களில் கிடைக்கும் அதனை வெவ்வேறு அளவில் கலந்தால் எல்லாப் பழுப்பும் வந்துவிடும். சிவப்பு இரும்பு ஆக்சைடுதான் நம் கோலத்திற்குக் கரையிடும் காவியின் நிறப்பொருள். வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு.

சாம்பல் முகத்தின் விடை இங்கேதான் இருக்கிறது. வெண்பொருள் மிகுந்து, சிவப்பும் மஞ்சளும் குறைந்த தூளை அடர்நிறத் தோலில் பூசினால், அடியிலுள்ள கருமையோடு வெண்மை கலந்து சாம்பலாகத் தெரியும். என் மாணவியின் முகத்தில் குறை ஏதும் இல்லை. குறை நான் வாங்கி வைத்திருந்த தூளில் இருந்தது. அதைப் பூசிய என் எண்ணத்திலும் இருந்தது.

மூன்று விலைகள்

இவ்வாண்டு கலைவிழாவுக்குச் சரியான மேட் தூளைத் தேடிக் கிளம்பினேன். பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொடுத்த தொகை சிறியது. ஆகவே மூன்று வகைக் கடைகளில் ஏறி இறங்கினேன்.

முதலாவது, முப்பது ரிங்கிட்டுக்குள் அடங்கும் மருந்தகத் தட்டு. இரண்டே நிறங்கள் இருந்தன. 'அடர்நிறம்' என்று எழுதியிருந்ததே என் மணிக்கட்டில் ஆரஞ்சாகத் தெரிந்தது. ஆனால் பக்கத்துத் தட்டில் வேறொரு பயனுள்ள பொருள் கண்டேன். அடர்நிறத்தவருக்கென உள்ள அழுத்திய முகத்தூள் அது, மினுக்கு இல்லை. நம் நிறத்தைவிட இரண்டு படி அடர்ந்த முகத்தூளே மேட் புரோன்சரின் வேலையைச் செய்துவிடும். புரோன்சர் என்ற பெயர் பெட்டியில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாவது, அறுபதிலிருந்து நூற்றைம்பது ரிங்கிட் வரையிலான இடைநிலை. இங்கே நிறங்கள் கூடுதல். செம்பழுப்பு, காப்பிப் பழுப்பு என வேறுபாடு தெரிந்தது. என் வகுப்பில் மிக அடர்ந்த நிறமுள்ள பிள்ளைக்குப் பொருந்தும் தூள் இங்குதான் கிடைத்தது.

மூன்றாவது, இருநூறு ரிங்கிட்டைத் தாண்டும் பேரங்காடிக் கூடம். தூள் பட்டுப்போல் மென்மை. தோலில் கோடு விழாமல் கரைந்து பரவியது. பெட்டியும் கனமாக, அழகாக இருந்தது. ஆனால் அங்கிருந்த மிக அடர்ந்த நிறம் மினுக்கு வகை. விற்பனைப் பெண்ணோ நான் கேட்காமலேயே வெளுத்த பூச்சு ஒன்றை எடுத்து நீட்டி, "இது உங்களுக்குப் பளிச்சுன்னு இருக்கும்கா" என்றார். நன்றி கூறி வந்துவிட்டேன்.

விலை எதற்கு என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். நுண்மையாக அரைத்தல், நிறப்பொருளின் அளவு, நறுமணம், பெட்டி, விளம்பரம், கூடத்தின் வாடகை எல்லாம் அதில் சேரும். விலையுயர்ந்த லாங்கோம், விலை மலிந்த மேபெலின் ஆகிய இரண்டும் ஒரே லோரியல் நிறுவனத்திற்கு உரியவை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1915-இல் தொடங்கிய மேபெலின், 1930-களின் பொருளாதார வீழ்ச்சியின்போது பத்துக் காசுச் சிறு பொதிகளாகத் தன் மைகளை விற்றுப் பரவிய பெயர். 1996-இல்தான் லோரியல் அதை வாங்கியது. விலை கூடினால் தூள் மென்மையாகலாம். ஆனால் விலை கூடினால் நம் நிறம் கிடைத்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை.

தெரிவு செய்வது எப்படி?

நான் கற்றுக்கொண்டவை இவை:

1. உள்ளங்கையிலோ புறங்கையிலோ சோதிக்காதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கு ஏமாற்றும்.

2. இயல்பு நிறத்தைவிட ஒன்றிரண்டு படி மட்டுமே அடர்ந்ததாக இருக்கட்டும். வெளுத்ததாக இருக்கவே கூடாது.

3. மாநிறத்தவருக்கு மஞ்சள் கலந்த பழுப்பும், அடர்நிறத்தவருக்குச் செம்மை கலந்த ஆழ்ந்த பழுப்பும் பொதுவாகப் பொருந்தும். சாம்பல் சாயலும் ஆரஞ்சுச் சாயலும் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

4. பெரிய, மென்மையான தூரிகையால் சிறிது சிறிதாகப் பூசுங்கள். மிகுதியாகிவிட்டால் குறைப்பது கடினம்.

5. பெட்டியில் 'நாட்' என்று தொடங்கும் அறிவிப்பு எண் உள்ளதா என்று பாருங்கள். நம் நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்ட பொருளுக்கே அவ்வெண் உண்டு. பாசார் மாலாமிலும் இணையத்திலும் பெயரின்றி விற்கப்படும் வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்ட செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். பிள்ளைகளின் தோலில் அவை படவே கூடாது.

6. எந்தத் தூளையும் பிள்ளைகளின் முகத்தருகே தட்டிப் பறக்கவிடாதீர்கள். டால்க் 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்ற வகையில் 2024-இல் மேற்சொன்ன ஆய்வுப் பிரிவால் சேர்க்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை மேடையேறும் பிள்ளைக்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் மூச்சில் போகாதபடி பூசுவது நம் கடமை. ஒரே தூரிகையை எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படுத்துவதையும் தவிர்ப்போம்.

நிறைவாக

இவ்வாண்டும் கண்ணகி நாடகமே. வேடம் ஏற்ற பிள்ளையும் கறுப்புதான். ஒப்பனை அறைக்கு வந்த அவளுடைய அம்மா, என்னிடம் தாழ்ந்த குரலில், "டீச்சர், கொஞ்சம் வெள்ளையா போட்டு விடுங்க. மேடையில இருண்டு தெரிவா" என்றார். அவர்மீது எனக்குச் சினம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நான் எண்ணியதையே அவர் வாய்விட்டுச் சொன்னார். அவ்வளவுதான்.

"அம்மா, ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்" என்று சொல்லி, பிள்ளையின் நிறத்திலேயே தூள் பூசி, கன்ன ஓரத்தில் செம்பழுப்பை மெல்லத் தீற்றினேன். கண்ணுக்கு மை இட்டேன். விளக்கடியில் நிறுத்தினோம். முகமும் கழுத்தும் ஒரே பிள்ளையுடையதாக இருந்தன. அவள் கண்ணாடியை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பி நின்று தன் வசனத்தைச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினாள். அம்மா கைப்பேசியை எடுத்து நிழற்படம் பிடித்தார்.

அன்று அறிவிப்புப் பலகை முன்னால் நின்று என்னைக் கேள்வி கேட்ட மாணவிக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் இப்போது எந்த ஊரில் படிக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியாது. நம் பள்ளிகளின் ஒப்பனைப் பெட்டியில் குறைந்தது மூன்று பழுப்பு நிறங்கள் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரையும் கேட்டுக்கொள்கிறேன். நூறு ரிங்கிட்டுக்குச் சற்று மேலானால் போதும். ஒரு பிள்ளையின் குரலை இழப்பதைவிட அது மிக மலிவு.

சிந்திப்போம், செயற்படுவோம்.